யார் வீட்டு மாமா?

கோப்பு அலமாரி படிக்கட்டின் நடுவில் வசமாகச் சிக்கிக்கொண்டது. மேலேயும் போக மாட்டேன், கீழேயும் வர மாட்டேன் என்றது.

"பாஸ், எனக்கொரு யோசனை," என்றான் உதவியாளன் பாஸ்தியன், அலமாரிக்குக் கீழே எங்கிருந்தோ. "பேசாம இங்கயே ஆபீஸ் போட்டுடலாம். படிக்கட்டுக்கு வாடகை கம்மியா இருக்கும்."

"வாயை மூடிக்கிட்டுத் தூக்கு."

"மூடிக்கிட்டுத் தூக்கணும்னா கழுதையைத்தான் கூப்பிட்டிருக்கணும்."

அலமாரியின் மேல் முனையைப் பிடித்திருந்த ஓதில் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தாள். ஐம்பத்தாறு வயதில், முப்பத்து மூன்று டிகிரி வெயிலில், பதினான்கு வருடத்துத் துப்பறியும் தொழிலைப் பெட்டி பெட்டியாக இறக்கிக்கொண்டிருக்கிறவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிய வந்தது. காப்பீட்டுக் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் வேலையை விட்டுவிட்டு இந்த அலுவலகத்தைத் திறந்தபோது, இந்த அலமாரியை மேலே ஏற்றிய நாலு பேரில் ஒருவர்கூட இப்போது போனை எடுக்கவில்லை.

எடுக்க மாட்டார்கள். ஜூலை ஒன்றாம் தேதி, கனடாவின் பிரெஞ்சு ஊரான கெபெக்கில் எவன் போனை எடுப்பான்? ஊரில் உள்ள வாடகை ஒப்பந்தம் அத்தனையும் முந்தின நாளோடு முடிகிறது. பாதி ஊர் வீடு மாற்றுகிறது, மீதிப் பாதி ஊர் அவர்களுக்குச் சாமான் தூக்குகிறது. எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தானோ, அவன் முதுகில் ஒரு ஃபிரிட்ஜைக் கட்டி நாலு மாடி ஏறச் சொல்ல வேண்டும். ஓதிலின் அறைக்குப் புதிதாக வரவேண்டிய நாய் முடி வெட்டுகிறவர், குளிப்பாட்டும் தொட்டியோடு வாசலில் நின்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"மன்னிக்கணும்... துப்பறியறவங்க இங்கதானே? போர்டு கீழ நடைபாதையில கெடக்குது."

எழுபது வயதிருக்கும். சிவப்புத் தொப்பி, அதில் வெள்ளை மேப்பிள் இலை. கையில் ஊர் வரைபடம், மடித்து மடித்து மடிப்பே கிழிந்திருந்தது. ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோவிலிருந்து, அன்றே வரும் தேசிய தினம் கொண்டாட வந்த சுற்றுலாக்காரி என்று பார்த்ததுமே எழுதி ஒட்டிவிடலாம்.

"ஊர்வலம் பாக்கணும்னா இதான் ஊர்வலம்," என்றான் பாஸ்தியன் ஆங்கிலத்தில். அவன் ஆங்கிலம் முழுக்கத் தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி பார்த்துக் கற்றது. "முதல்ல ஃபிரிட்ஜ் வரும், அப்புறம் கட்டில் வரும், கடைசியா புருஷன் பெண்டாட்டி சண்டை வரும்."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "என் வீட்டுக்காரரைக் காணோம்," என்றாள்.

ஓதில் அலமாரியைச் சுவரோடு சாய்த்துவிட்டு, அதன் மேலாக ஏறி இறங்கி வந்தாள்.

பெயர் மேவிஸ் டக்வெல். ஒன்டாரியோவில் சார்னியா என்ற ஊரிலிருந்து காரில் வந்து நாலு நாளாகிறது. கணவர் ஆர்னால்ட், எல்லோரும் ஆர்னி என்பார்கள். மறதி நோய். தன் பெயர் சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. யூவில் சதுக்கத்தில், கோட்டை வாசலுக்கு எதிரே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் பெஞ்ச் காலி.

"எப்போ?" என்றாள் ஓதில்.

"அரை மணி நேரம் இருக்கும். பதினோரு மணிக்கு."

"போலீஸுக்குப் போகலையா?"

மேவிஸ் வரைபடத்தை இன்னொரு தரம் மடித்தாள். "அவங்க பிரெஞ்சுல பேசுவாங்களே. எனக்கு ஒரு வார்த்தை வராது."

நாலு நாளாக இந்த ஊரில் காபி வாங்கியிருக்கிறாள், ஓட்டலில் தங்கியிருக்கிறாள். வாயைத் திறந்ததும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். போலீஸ்காரன் மட்டும் மாற மாட்டானாமா? பொய்யை மோப்பம் பிடிக்கும் இருபது வருடப் பழக்கம் ஓதிலுக்கு உள்ளுக்குள் மெல்ல விழித்துக்கொண்டது. அவளுக்கு ஆங்கிலம் பேசத் திக்கும், ஆனால் காப்பீட்டுக் கம்பெனியின் டொரன்டோ தலைமையகத்தோடு போனில் மல்லுக்கு நின்றே ஆயுளைக் கழித்தவள் என்பதால் காது கூர்மை.

அதை அப்புறம் பார்க்கலாம். வெயில் கொளுத்துகிறது, மலைச்சரிவு ஊர், கீழே ஆறு. பெயர் சொல்லத் தெரியாத கிழவர் ஒருவர் எங்கேயோ தனியாக நடந்துகொண்டிருக்கிறார்.

"அலமாரி?" என்று கத்தினார் நாய்க்காரர்.

"உங்களுக்கு எங்க அன்பளிப்பு!" என்று கத்திவிட்டு பாஸ்தியன் படியிறங்கி ஓடிவந்தான்.

சதுக்கம் கூப்பிடு தூரம்தான். பெஞ்சில் இப்போது இரண்டு புறா இருந்தது.

"ஐஸ்கிரீம் எங்க வாங்கினீங்க?"

மேவிஸ் எதிர்ச்சாரியில் ஒரு கடையைக் காட்டினாள். இரும்புக் கதவு இறங்கியிருந்தது. "அதோ, அங்கதான். இப்ப மூடிட்டாங்க போல."

கதவில் கையால் எழுதிய பிரெஞ்சு அட்டை ஒட்டியிருந்தது. 'அக்கா வீடு மாற்றுகிறாள். இன்று முழுவதும் கடை கிடையாது. என் முதுகுக்காகப் பிரார்த்தியுங்கள்.'

பாஸ்தியன் அட்டையைப் படித்தான். ஓதிலைப் பார்த்தான். ஓதில் கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

சதுக்கத்து மூலையில், நடைபாதையிலேயே ஒரு மெத்தை கிடந்தது. மெத்தை மேல் வெறும் பனியனோடு ஒரு தடியர் படுத்திருந்தார். இன்றைக்கு நடைபாதையில் காவலில்லாமல் எதை வைத்தாலும் அது போகிற வருகிறவனுக்குச் சொந்தம். அதனால் லாரி அடுத்த நடை வரும்வரை மெத்தைக்குக் காவலாக வீட்டில் எதற்கும் உதவாத ஒருவரைப் படுக்க வைப்பார்கள்.

"எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க, ஐயா?" என்றாள் ஓதில் பிரெஞ்சில்.

"ஏழு மணிலேர்ந்து. என் மச்சான் லாரியோட செத்துட்டான்னு நெனைக்கறேன்."

"அந்த பெஞ்சுல ஒரு பெரியவர்..."

"நீலச் சட்டைக்காரர்தானே? பாத்தேனே! இதோ நிக்கறாங்களே, இந்தம்மாதான் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சாங்க. ஒம்பது மணி அடிச்சுது அப்போ. நெத்தியில முத்தம் கொடுத்துட்டு, திரும்பிப் பாக்காம விடுவிடுன்னு நடந்து போனாங்க."

"ஒம்பதா, பதினொண்ணா?"

"ஒம்பது. தேவாலய மணி என் மண்டையிலதான் அடிச்சுது."

மேவிஸ் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன சொல்றார்? ஆர்னியைப் பாத்தாராமா?"

பாஸ்தியன் பிரெஞ்சிலேயே முணுமுணுத்தான். "பாஸ், இந்தம்மா பொய் சொல்றாங்க. ஐஸ்கிரீம் பொய், மணி பொய்."

"தெரியும். பொய் எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல ஆளைக் கண்டுபிடிப்போம்." ஓதில் மெத்தைக்காரர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் அவர் என்ன பண்ணார்?"

"கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் பச்சைக் கதவு வீட்டுலேர்ந்து மரீஸ், நம்ம தெருப் பொண்ணு, ஒரு இழுப்பறை மேசையோட திண்டாடிக்கிட்டு வந்தா. அதுவோ ஓக் மரம், ரெண்டு ஆளைச் சாகடிக்கும். இவர் எழுந்து போனார், கேக்கவே இல்ல, கீழ் முனையைப் பிடிச்சார். பிடிச்சாரா, பின்பக்கமாவே நடந்து எட்டு படி இறங்கினார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல! நான் எந்திரிச்சு கை தட்டினேன்."

"நீங்க எந்திரிச்சீங்களா? அது பெரிய விஷயம்தான்," என்றான் பாஸ்தியன்.

"அப்புறம் லாரியில ஏறிட்டார். ஸ்ட்ராபெர்ரி படம் போட்ட லாரி. மரீஸோட மாமான்னுல்ல நெனச்சேன்?"

ஓதில் மேவிஸிடம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துக் கேட்டாள். "உங்க புருஷன் என்ன வேலை பாத்தார்?"

"பியானோ தூக்கற வேலை," என்றாள் மேவிஸ். "முப்பத்தோரு வருஷம். ஏன்?"

பச்சைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒரு ஆணிகூட மிச்சமில்லை.

"போச்சு," என்றான் பாஸ்தியன். "ஸ்ட்ராபெர்ரி லாரியைத் தேடணும். இன்னைக்குத் தெருவுல மீன் லாரி ஓடுது, ரொட்டி வண்டி ஓடுது, எங்க பக்கத்து வீட்டுக்காரன் சவ வண்டியில சோபா ஏத்தறான். எங்கன்னு போய்த் தேடறது?"

"தேட வேண்டாம். இந்த வேலைக்கு உன்னை எத்தனை மணிக்கு வரச் சொன்னேன்?"

"ஏழு மணிக்கு."

"நீ எத்தனை மணிக்கு வந்தே?"

"ஒம்பதரைக்கு. அதுக்கு இப்ப என்ன?"

"உன்னை மாதிரி ஒருத்தன் எல்லார் சிநேகிதக் கூட்டத்துலயும் இருப்பான். அவனுக்கு எப்படி வழி சொல்லுவாங்க?"

சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். கதவின் வெளிப்பக்கத்தில் ஒரு பிட்சா பெட்டியின் மூடி ஒட்டப்பட்டிருந்தது. அதில் கொட்டை எழுத்தில்: 'தூங்குமூஞ்சி சோம்பேறிகளே! லிமுவாலு பேட்டை, எட்டாம் தெரு, மூன்றாவது மாடி. பிட்சா வேண்டுமானால் ஓடி வாருங்கள். மரீஸ் - எத்தியேன்.'

"பாஸ்," என்றான் பாஸ்தியன் மரியாதையாக, "என் சோம்பேறித்தனத்தால தொழிலுக்கு ஒரு உபயோகம்னு இன்னைக்குத்தான் ஒத்துக்கிட்டீங்க."

ஓதிலின் காரில் பின்பக்கம் முழுக்கக் கோப்புகள். மேவிஸ் மடியில் ஒரு மேசை விளக்கையும் காலடியில் தட்டச்சு இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பாஸ்தியன் பின்னால் கோப்புகளுக்கிடையே படுத்துக்கொண்டான். மலையிறங்கும் சாலையில் வண்டிகள் நின்றன, நகர்ந்தன, மறுபடி நின்றன. முன்னால் போன வண்டியிலிருந்து ஒரு குளியல் தொட்டி நழுவி விழுந்தது. ஓட்டியவன் இறங்கி, தேவாலயப் பாத்திரங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டினான். அதற்கு மேல் கெட்ட வார்த்தை இந்த ஊரில் கிடையாது.

"உயிரோட இருப்பாரா?" என்று கேட்டாள் மேவிஸ்.

"சாமான் தூக்கிக்கிட்டு இருப்பார்," என்றாள் ஓதில். "நாலு நாளா ஊரைச் சுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தோம். கோட்டை, பெரிய ஓட்டல், பீரங்கி எல்லாம். அவருக்கு எதுவும் தங்கல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் நாம எங்க இருக்கோம்னு கேப்பார். கெபெக்னு சொல்லுவேன். ராத்திரி ஒம்பது தடவை எழுந்து கேப்பார். ஒம்பது தடவையும் சொல்லுவேன்."

"எத்தனை வருஷமா?"

"நாலு." மேவிஸ் விளக்கின் வயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு பையன் இருக்கான். ஆல்பர்டாவுல. ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான். அப்பா எப்படி இருக்கார்னு கேப்பான். நல்லா இருக்கார்னு சொல்லுவேன்."

ஓதிலுக்குத் தன் இடுப்பு வலி மறந்துபோயிருந்தது. அந்த முகத்தில் இருந்த களைப்பு ஒரு நாளில் வந்ததில்லை. தூங்கிப் பல மாதமான முகம். பொய் சொல்கிறவர்கள் முகத்தில் இருக்கும் சுறுசுறுப்பு அதில் மருந்துக்கும் இல்லை. அதுதான் ஓதிலைக் குழப்பியது. கோபப்படவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

எட்டாம் தெருவில் ஸ்ட்ராபெர்ரி லாரி பட்டப்பகலில் நடுத்தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. மூன்று மாடிக்கும் வெளியிலிருந்தே வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. அதில் ஒரு சலவை இயந்திரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று இளைஞர்கள் அதைத் தாங்கியிருந்தார்கள். மேல்படியில் நீலச் சட்டைப் பெரியவர் ஒருவர் நின்று, ஒரு வார்த்தை பேசாமல், கையசைப்பாலேயே அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். கை கொஞ்சம் இடது என்றது. கை நில் என்றது. உள்ளங்கை மெல்லக் கவிழ்ந்தது, இயந்திரம் அலுங்காமல் மாடித் தரையில் உட்கார்ந்தது.

"அவர்தான்," என்றாள் மேவிஸ்.

ஆனால் காரிலிருந்து இறங்கவில்லை. ஓதில் அதையும் பார்த்தாள்.

வாசலில் பிட்சாவோடு நின்ற மரீஸை நிறுத்தி, அந்தப் பெரியவர் யார் என்று கேட்டாள்.

"எத்தியேனோட மாமா," என்றாள் மரீஸ் உடனே. "என்ன மனுஷர் தெரியுமா! எங்க பக்கத்து மாமாங்க எல்லாம் பீர் குடிக்க மட்டும் வந்திருக்காங்க."

எத்தியேன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "என் மாமாவா? உன் மாமான்னு சொன்னாங்களே!"

"எங்க வீட்டுல யாரு இவ்வளவு வேலை செய்வா? உங்க ஆளுன்னுதான் ரெண்டு பீர் எக்ஸ்ட்ரா கொடுத்தேன்!"

"அப்ப இவர் யாரு வீட்டு மாமா?"

முதன்முதலாகச் சேர்ந்து குடித்தனம் போகிற ஜோடி. இரண்டு குடும்பமும் இன்றைக்குத்தான் ஒன்றையொன்று பார்க்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டு மனிதர் என்று நினைத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு மனிதர் என்று நினைத்திருக்கிறார்கள். சம்பந்தி வீட்டு ஆளிடம் பெயர் கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஒருத்தருக்குமா தோணல, அவர் வாயே திறக்கலன்னு?" என்றான் பாஸ்தியன்.

"வேலை செய்யற மாமா, வாயும் திறக்க மாட்டார்," என்றாள் மரீஸ். "நாங்க ஏன் குறை சொல்லப் போறோம்?"

அப்போது எத்தியேனின் அம்மா ஜினெத் உள்ளேயிருந்து வேகமாக வந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் ஒரு தாள். "நிறுத்துங்கடா எல்லாரும். அவர் சட்டையில சாஸ் கொட்டிடுச்சுன்னு தொடைக்கப் போனேன். பையில இது இருந்துது. போலீஸைக் கூப்பிடப் போறேன்."

ஓதில் தாளை வாங்கினாள். போனில் மொழிபெயர்த்து, கையால் பார்த்து எழுதிய பிரெஞ்சு. எழுத்து சீராக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல இருந்தது.

'என் பெயர் ஆர்னால்ட். எனக்கு மறதி நோய். நான் யாருக்கும் தீங்கு செய்ய மாட்டேன். பேரிக்காய் எனக்கு ஆகாது. காலையில் வெள்ளை மாத்திரை, இரவில் மஞ்சள். இருட்டில் பயப்படுவேன், ஒரு விளக்கு எரிந்தால் போதும். தயவுசெய்து என்னிடம் அன்பாக இருங்கள்.'

"மாத்திரையும் இருக்கு," என்றாள் ஜினெத். "இன்னொரு பையில. எண்ணிப் பாத்தேன், சரியா ஒரு மாசத்துக்கு."

பாஸ்தியன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான்.

ஓதில் தாளை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, மேவிஸின் மடியில் இருந்த விளக்கின் மேல் தாளை வைத்தாள்.

"புருஷனைத் தொலைச்சிடுவோமோன்னு பயப்படறவ முதல்ல போன் நம்பரை எழுதுவா," என்றாள். ஆங்கிலம் திக்கவில்லை. "பேரிக்காய் இருக்கு, மாத்திரை இருக்கு, விளக்கு இருக்கு. உங்க பேர் இல்ல. நம்பர் இல்ல. ஓட்டல் பேர் இல்ல. நீங்க அவரைத் தொலைக்கல, மிஸஸ் டக்வெல். விட்டுட்டுப் போனீங்க."

மேவிஸ் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளக் காத்திருந்தவள்போல ஒரு நீண்ட மூச்சு விட்டாள்.

"சார்னியாவுல எல்லாருக்கும் எங்களைத் தெரியும். இங்க வந்தா, அவர் என்ன சொன்னாலும் யாருக்கும் புரியாது, யார் கேட்டாலும் அவருக்குப் புரியாது. எங்கேர்ந்து வந்தார்னு கண்டுபிடிக்கவே முடியாதுன்னு நெனச்சேன். நல்லவங்க யாராவது ஆஸ்பத்திரியில சேப்பாங்க. நான் நாலு வருஷம் யோசிக்கல, மூணு வாரம்தான் யோசிச்சேன். அந்த லெட்டர் எழுதத்தான் ரொம்ப நாளாச்சு."

"அப்புறம்?"

"கார்ல ஏறி ஒரு மணி நேரம் ஓட்டினேன். ரோட்டோரம் ஒரு கடையில காபி குடிக்க நிறுத்தினேன். எத்தனை பேர்னு அந்தப் பொண்ணு கேட்டா. ஒருத்தர்தான்னு சொன்னேன். அவ்வளவு சுலபமா வந்துது அது. எனக்கு என்னைப் பாத்தே பயமாயிடுச்சு. காபியைக்கூடத் தொடல, திரும்பி வந்தேன். பெஞ்சுல ஆளில்ல." தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "போலீஸுக்குப் போனா எத்தனை மணிலேர்ந்து காணோம்னு கேப்பாங்க. அதான் உங்க போர்டைப் பாத்து... நான் கெட்டவ. எனக்குத் தெரியும். ஆனா நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன், மேடம். ரொம்ப."

ஓதிலுக்கு ஒரு நிமிஷம் கோபம் பொங்கியது. லாரிக்கு அடியில் போயிருக்கலாம், ஆற்றில் போயிருக்கலாம். அந்த மனிதர் இன்றைக்கு உயிரோடு இருப்பது ஓர் ஓக் மர மேசையின் புண்ணியம். இதையெல்லாம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் திரும்பி வந்த ஒருத்தியிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. விட்டுவிட்டுப் போனவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள், திரும்பி வந்தவர்கள் ரொம்பக் குறைவு.

காரின் முன்பெட்டியிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"நம்பரை எழுதுங்க. உங்க பேரையும் எழுதுங்க. அப்புறம் உங்க பையனைக் கூப்பிடுங்க, இப்பவே. நல்லா இருக்கார்னு சொல்லக்கூடாது. உள்ளதைச் சொல்லணும். நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன். பாதியில போனை வெச்சீங்கன்னா, அந்த வீட்டம்மா கையில இருக்கற போனை வாங்கி நானே போலீஸுக்குப் பேசுவேன்."

மேவிஸ் எழுதினாள். பிறகு பையனைக் கூப்பிட்டாள். அவன் முதலில் எரிச்சலோடு பேசுவது வெளியே கேட்டது, பிறகு அவன் பேச்சு நின்றது. நான் ஆறு மணி விமானத்தைப் பிடிக்கிறேன் அம்மா, அங்கேயே இருங்கள் என்றான். அதை இரண்டு தடவை சொன்னான்.

ஓதில் ஜினெத்திடம் போய் மெதுவாகச் சொன்னாள். "அவர் வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. போலீஸ் வேண்டாம். நான் பொறுப்பு."

ஜினெத் தாளைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள். முதியோர் இல்லத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவள் அவள். போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மேவிஸ் தெருவைக் கடந்து வந்தாள். நடைபாதையில் கடைசியாக மிச்சமிருந்தது ஒரு பெரிய பழுப்பு சோபா. அதை ஏற்ற ஆர்னி கயிற்றோடு இறங்கி வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். மேவிஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது ஓதிலுக்குத் தெரிந்தது.

"ஏம்மா, நிக்க முடியாம நிக்கறீங்களே," என்றார் ஆர்னி ஆங்கிலத்தில். காலையிலிருந்து அவர் பேசிக் கேட்ட முதல் வார்த்தை அது. "வெயில் வேற. உட்காருங்க, உட்காருங்க. சோபா எங்கயும் போயிடாது."

மேவிஸ் அப்படியே உட்கார்ந்தாள். அவர் அவள் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பாதி குடித்தாள். மீதியை மடியில் வைத்துக்கொண்டாள். சோபாவின் கைப்பிடியில் தலை சாய்ந்தது. அடுத்த நிமிஷம் நடைபாதையிலேயே, லாரி ஹாரனுக்கும் இரண்டு சம்பந்தி வீட்டுச் சண்டைக்கும் நடுவில், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

இளைஞர்கள் மூவரும் சோபாவைத் தூக்க வந்தார்கள். ஆர்னி கையை உயர்த்தினார். கை நில் என்றது. மூவரும் நின்றார்கள்.

"மாமா, லாரியை ரெண்டு மணிக்குத் திருப்பிக் கொடுக்கணும்," என்று கெஞ்சினான் எத்தியேன் பிரெஞ்சில்.

ஆர்னிக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் நகர்ந்திருக்க மாட்டார். சோபாவுக்கு முன்னால் கால்களை அகட்டி நின்றுகொண்டார், வெயில் அவள் முகத்தில் விழாதபடி கொஞ்சம் இடதுபக்கமாக நகர்ந்து.

பாஸ்தியன் பக்கத்தில் போய், தனக்குத் தெரிந்த ஹாக்கி ஆங்கிலத்தில், மிக மெதுவாகக் கேட்டான். "யார் சார் இந்தம்மா?"

"தெரியலப்பா," என்றார் ஆர்னி. "ஆனா ரொம்ப நாளாத் தூங்கல போலிருக்கு. யாரும் எழுப்பாதீங்க."